விவியனைட்: சேற்றில் விளையும் நீலக் கனிமம்

எங்கள் கடலூர் மாவட்டத்திலும் பக்கத்தில் புதுச்சேரியிலும் போர் போட்ட வீடுகள் சிலவற்றில் ஒரு தொல்லை உண்டு. மோட்டார் போட்டதும் வரும் தண்ணீரில் துளி கலங்கல் இருக்காது. வாளியில் பிடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மஞ்சள் தட்டியிருக்கும். மறுநாள் வாளியின் அடியில் செங்காவி நிறத்தில் மெல்லிய படிவு. குளியலறைத் தரையில் பழுப்புக் கறை, வெள்ளை வேட்டியில் மங்கல். “இரும்புத் தண்ணி” என்று சொல்லிவிட்டு எல்லாரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த இரும்பு வாளிக்குள் புதிதாக வந்ததல்ல. மண்ணுக்கடியில் இருந்தபோதே தண்ணீரில் கரைந்துதான் இருந்தது. காற்றுப் படாத ஆழத்தில் இரும்பு ஒரு நிலையில் இருக்கிறது. அதைப் பெரஸ் இரும்பு என்கிறோம். தண்ணீரில் எளிதாகக் கரையும், கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் பட்டதும் அது ஓர் எலக்ட்ரானை இழந்து பெரிக் இரும்பாக மாறுகிறது. பெரிக் இரும்பு சாதாரணத் தண்ணீரில் கரையாது. துருவாகக் கீழே இறங்கிவிடும். வாளியில் நடப்பது அவ்வளவுதான்.

இரும்பின் இந்த இரண்டு முகங்களும் மனதில் பதிந்துவிட்டால், நான் இங்கே சொல்ல வந்திருக்கும் கனிமத்தில் பாதி புரிந்த மாதிரிதான். அதன் பெயர் விவியனைட். பெரஸ் இரும்பும் பாஸ்பேட்டும் நீரும் சேர்ந்து உண்டாகும் கனிமம். காற்றில்லாத இருட்டில் நிறமில்லாமல் பிறக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் நீலமாகும்.

இதில் என்னென்ன இருக்கிறது?

பாஸ்பேட் என்பது ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நிற்கும் சின்னக் கூட்டம். உரக்கடையில் கேட்டு வாங்கும் டிஏபியில் இருப்பதும் நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் இதுதான். எலும்பில் கால்சியத்தோடு சேர்ந்து அபடைட் வகைக் கனிமமாக இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டும் பாஸ்பேட் கனிமம்தான். அங்கே பாஸ்பேட்டின் கூட்டாளிகள் சீரியம், லாந்தனம், தோரியம் போன்றவை. யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து பாஸ்பேட்டின் குணமே மாறிவிடும்.

விவியனைட்டில் கூட்டாளி இரும்பு. மூன்று பெரஸ் இரும்பு அணுக்களுக்கு இரண்டு பாஸ்பேட், எட்டு நீர் மூலக்கூறுகள். எடைக் கணக்கில் சொன்னால், 100 கிராம் சுத்தமான விவியனைட்டில் சுமார் 33 கிராம் இரும்பு, 12 கிராம் பாஸ்பரஸ், கிட்டத்தட்ட 29 கிராம் நீர். மீதி பாஸ்பேட்டில் உள்ள ஆக்சிஜன். ஒரு கல்லின் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பது நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. அந்த நீர் ஈரமாகக் கையில் ஒட்டாது. படிகத்தின் கட்டமைப்பிலேயே, இரும்பைச் சுற்றி, தன் இடத்தில் பிணைந்து நிற்கிறது.

பெயர் வந்த கதை சுருக்கமானது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஆக்னஸ் ஊரருகே உள்ள சுரங்கத்தில் ஜான் ஹென்றி விவியன் என்பவர் இதைக் கண்டெடுத்தார். சுரங்கத் தொழிலில் இருந்தவர், கனிமங்களில் ஈடுபாடு கொண்டவர். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் காட்லாப் வெர்னர் 1817-ல் அவர் பெயரையே கனிமத்துக்கு வைத்தார்.

விவியனைட்டை ‘அரிய கனிமம்’ என்று எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும்படியான நல்ல படிகம் உலகில் சில இடங்களில்தான் கிடைக்கும். அந்த வகையில் அரியதுதான். ஆனால் கண்ணுக்கே தெரியாத துகளாகவும் நீலப் பொடியாகவும் ஏரிப் படிவுகளிலும் சதுப்பு மண்ணிலும் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். தோண்டி வெளியே எடுத்தால் நிறம் மாறிவிடும், காயவிட்டால் சிதைந்துவிடும் என்பதால் பல காலம் கவனத்தில் படாமல் தப்பியிருக்கிறது.

எப்படி உண்டாகிறது?

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் விரும்பிச் சொல்வேன். பெரும்பாலான கற்கள் உண்டாவதைப் புரிந்துகொள்ள எரிமலையையோ பல கிலோமீட்டர் ஆழத்தையோ கற்பனை செய்தாக வேண்டும். விவியனைட்டுக்கு வேண்டிய வேதியியலை நம் ஊர் நெல் வயலிலேயே பார்த்துவிடலாம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா நடவுக்குச் சேடை ஓட்டித் தண்ணீர் கட்டியிருக்கும் வயலில் கையை விட்டு ஒரு பிடி சேற்றை அள்ளிப் பாருங்கள். மேலே ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பு. அதற்குக் கீழே சாம்பலும் கருமையும் கலந்த நிறம். அந்த நிறக் கோடுதான் காற்றின் எல்லை. தண்ணீர் நின்றதும் மண்ணிலிருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடுகின்றன. நிற்கும் தண்ணீரின் வழியாகப் புது ஆக்சிஜன் இறங்குவது மிக மெதுவாகத்தான். அதனால் மேல்தோல் மட்டும் காற்றோடு இருக்கிறது, கீழே இல்லை.

நடவு முடிந்து பயிர் பிடித்த பிறகு ஒரு தூரை வேரோடு பிடுங்கி வரப்புத் தண்ணீரில் அலசினால் இன்னொன்றும் தெரியும். வேர்களில் பல செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். தேய்த்தாலும் எளிதில் போகாது. அது துரு. நெற்பயிர் தன் இலை வழியாக வாங்கும் காற்றைத் தண்டிலுள்ள காற்றறைகளின் வழியே வேர் வரை இறக்குகிறது. வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன், சுற்றியிருக்கும் சேற்றில் கரைந்திருந்த பெரஸ் இரும்பைத் துருவாக்கி வேர்மேலேயே படியவிடுகிறது. வாளியில் நடந்த அதே மாற்றம், இங்கே வேரின் தோலில்.

சரி, சேற்றில் அவ்வளவு பெரஸ் இரும்பு எப்படி வந்தது? ஆக்சிஜன் தீர்ந்தாலும் நுண்ணுயிர்கள் நின்றுவிடுவதில்லை. மட்கும் இலைதழையை உண்டு வாழும் அவற்றுக்கு, கழித்துவிடும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். ஆக்சிஜன் இருந்தவரை அது வாங்கியது. அது போனபின் நைட்ரேட், அப்புறம் மாங்கனீசு, அப்புறம் பெரிக் இரும்பு, அதற்கும் பிறகு சல்பேட் என்று வரிசை போகும். இரும்பின் முறை வரும்போது மண்ணிலிருந்த துரு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பெரஸ் இரும்பாகிக் கரைந்துவிடும்.

பாஸ்பேட் உள்ளே வருவதும் இந்தக் கட்டத்தில்தான். துருவுக்குப் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. வயலில் போட்ட உரத்தின் ஒரு பங்கு இப்படித்தான் செம்மண்ணில் போய் ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் கிடக்கும். துரு கரையும்போது அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. தண்ணீர் கட்டிய வயலில் பாஸ்பரஸ் பயிருக்கு எளிதாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வேளாண் கல்லூரிகளில் முதலிலேயே சொல்லித்தரும் பாடம்.

இப்போது சேற்றிலுள்ள நீரில் பெரஸ் இரும்பும் இருக்கிறது, பாஸ்பேட்டும் இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. இரண்டின் செறிவும் ஓர் அளவைத் தாண்டினால் அவை ஒன்றுசேர்ந்து படிகமாக வெளியேறும். அதுதான் விவியனைட். ஜப்பானில் நெல் வயல் மண்ணை ஆராய்ந்தவர்கள் வேர்களின்மேல் நுண்ணிய விவியனைட் துகள்கள் உண்டாவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்து மண்ணில் காற்றுப் புகுந்தால் அவை நெடுநாள் நிலைப்பதில்லை. ஆண்டுதோறும் காய்ந்து நனையும் வயலில் அது பெரிதாக வளர நேரம் கிடைக்காது. பெரிய படிகம் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள், காற்றே புகாமல் கிடக்க வேண்டும்.

பிச்சாவரத்துச் சேறும் ஏரிச் சேறும்

காற்றில்லாத சேறு, இரும்பு, பாஸ்பேட் மூன்றும் இருந்தால் போதுமா? போதாது. நான்காவதாக ஒன்று குறுக்கே வராமல் இருக்க வேண்டும். அது கந்தகம்.

பிச்சாவரத்தில் நீர் வற்றியிருக்கும் நேரம் சுரபுன்னை வேர்களுக்கிடையே காலை வைத்தால் கருகருவென்ற சேறு மேலே வரும், கூடவே அழுகிய முட்டை வாடை. அந்த வாடை ஹைட்ரஜன் சல்பைடு. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. உப்புநீர் ஏறி இறங்கும் கழிமுகத்துச் சேற்றில் அதனால் சல்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை. நுண்ணுயிர்கள் அதைச் சல்பைடாக மாற்றுகின்றன. சல்பைடு கைக்கெட்டிய பெரஸ் இரும்பையெல்லாம் பிடித்து இரும்புச் சல்பைடாக்கிவிடுகிறது. சேற்றின் கருமைக்கு அதுதான் காரணம். பாஸ்பேட்டுக்கு மிச்சமாக இரும்பு கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட சேற்றில் விவியனைட் உண்டாவது கடினம்.

நன்னீர் ஏரியில் நிலைமை வேறு. வீராணம், பெருமாள் ஏரி, புதுச்சேரியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி என நம் பக்கத்து ஏரிகளெல்லாம் மழையையும் ஆற்றையும் நம்பியவை. நன்னீரில் சல்பேட் கடல்நீரில் இருப்பதைவிட மிகக் குறைவு. அது சீக்கிரம் தீர்ந்துவிட்டால், இரும்பு பாஸ்பேட்டுக்கே மீதமாகும். உலகில் விவியனைட் அதிகம் பதிவானது நன்னீர் ஏரிப் படிவுகளிலும் சதுப்புகளிலும்தான் என்பதற்கு இதுவே விளக்கம். கடலிலும் உப்பு குறைந்த இடங்களில் அது கிடைக்கிறது. பால்டிக் கடலின் வடக்கு ஓரத்திலுள்ள போத்னியக் கடல் ஆறுகளின் நீர் நிறையக் கலப்பதால் உப்புக் குறைந்தது. அதன் அடிமண்ணில் புதையும் பாஸ்பரஸில் கணிசமான பங்கு விவியனைட்டாகவே புதைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

இதில் ஏரியைக் காப்பாற்றும் ஒரு வழியும் இருக்கிறது. பாஸ்பேட் மிகுந்துபோன ஏரியில் பாசி பச்சையாகப் பொங்கும், மீன் செத்து மிதக்கும். பெர்லினில் குரோஸ் கிளீனிக்கே என்ற ஏரிக்கு இந்த நிலை வந்தபோது 1992–93-ல் அதில் இரும்புச் சேர்மங்களைச் சேர்த்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அடிமண்ணை எடுத்துப் பார்த்தபோது, இரும்பு சேர்த்த காலத்துக்குப் பிறகு படிந்த அடுக்கில் விவியனைட் உண்டாகிப் பாஸ்பரஸைக் கட்டிப்போட்டிருந்தது தெரிந்தது. உரமும் சாக்கடையும் கலக்கும் ஏரிகளின் பக்கத்தில் வாழும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நிறம் ஏன் மாறுகிறது?

சேற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த விவியனைட் நிறமற்றது, அல்லது மிக இளம் பச்சை. காற்றிலும் வெளிச்சத்திலும் வைத்தால் பச்சை நீலமாகி, நீலம் அடர்ந்து, கடைசியில் கருநீலமோ கருப்போ ஆகிவிடும். பொடியாக இருந்தால் சில நிமிடங்களிலேயே மாறத் தொடங்கும். பெரிய படிகம் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். படிகத்தில் இரும்பு அணுக்களுக்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒரு வகையில் இரும்பு தனியே நிற்கிறது. இன்னொரு வகையில் இரண்டு இரும்பு அணுக்கள் மிக நெருக்கமாக, இணையாக நிற்கின்றன. எல்லாம் பெரஸ் இரும்பாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதி அப்படியே கடந்துவிடும், அதனால்தான் நிறமில்லை. வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு சில இரும்பு அணுக்களைப் பெரிக் ஆக்கிவிட்டால், சில இணைகளில் ஒரு பக்கம் பெரஸ், மறு பக்கம் பெரிக் என்றாகிறது. பெரஸிலிருந்து பெரிக்கிற்கு ஓர் எலக்ட்ரான் தாவ முடியும். அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றல் சிவப்பு, ஆரஞ்சு ஒளியில் இருக்கிறது. படிகம் அந்த நிறங்களை உறிஞ்சிக்கொள்ள, நம் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம்.

மொத்த இரும்பில் சிறு பங்கு மாறினாலே நிறம் ஆழமாகிவிடும். நீல விவியனைட்டைப் பார்த்து ‘முழுக்கக் கெட்டுப்போன கல்’ என்று எண்ணிவிடக் கூடாது. அது இன்னும் பெரும்பாலும் பெரஸ் இரும்புதான்.

இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்தால் அங்கே நேர்மின்சுமை ஒன்று கூடிவிடும் அல்லவா? அதைச் சமன்செய்யப் பக்கத்து நீர் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஹைட்ராக்சில் ஆகிவிடுகிறது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளித்துக்கொண்டே படிகம் தன் உருவைக் காத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் முடியாது. அப்போது மெட்டாவிவியனைட் என்ற வேறு கனிமமாகிறது. மேலும் முற்றினால் அணுக்களின் ஒழுங்கே கலைந்து சாண்டாபார்பராய்ட் என்ற பழுப்புப் பொருளாகிவிடும். வெளி உருவம் மட்டும் பழைய படிகத்தின் வடிவத்தில் நிற்கும்.

மற்ற குணங்கள்

விவியனைட் மிக மென்மையானது. மோஸ் அளவில் அதன் கடினம் 1.5 முதல் 2 வரை, நகத்தாலேயே கீறிவிடலாம். அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 2.7 மடங்கு, ஏறக்குறைய குவார்ட்ஸ் அளவு. இரும்பு இவ்வளவு இருந்தும் கனமாகத் தெரியாததற்கு உள்ளேயிருக்கும் நீர்தான் காரணம்.

படிகத்தின் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அடுக்குக்குள் பிணைப்பு வலுவானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டும்தான். அதனால் ஒரே ஒரு திசையில், பழைய நோட்டுப் புத்தகத்தின் தாள் பிரிகிற மாதிரி, வழவழப்பான தளமாகப் பிளந்துவிடும். அந்தப் பிளவுத் தளத்தில் முத்தின் மினுமினுப்பு தெரியும். மெல்லிய தகடு வளையவும் செய்யும்.

அமிலத்தில் எளிதாகக் கரையும். காந்தத்தால் மெலிதாக ஈர்க்கப்படும். வீட்டுக் காந்தத்தில் ஒட்டாது, வலுவான காந்தப்புலம் வேண்டும். அந்த மெல்லிய ஈர்ப்பு பின்னால் ஒரு பெரிய வேலைக்குப் பயன்படப் போகிறது.

இன்னொன்றை மட்டும் நின்று பார்க்கலாம். மாறத் தொடங்கிய படிகத்தின் மெல்லிய சீவலை, ஒரே திசையில் அதிரும் ஒளியில் வைத்து மெதுவாகத் திருப்பினால், ஒரு நிலையில் ஆழ்ந்த நீலம், இன்னொரு நிலையில் வெளிறிய மஞ்சள்பச்சை. எலக்ட்ரான் தாவுவது அந்த இரும்பு இணை நிற்கும் திசையில் மட்டும்தான். ஒளி அந்தத் திசையில் அதிர்ந்தால் உறிஞ்சப்படும், இல்லாவிட்டால் கடந்துபோகும். அணுக்கள் எந்தத் திசையில் வரிசை கட்டியிருக்கின்றன என்பதை நுண்ணோக்கியின் சுழல்மேடை நம் கண்ணுக்கே காட்டிவிடுகிறது. முதல்முறை பார்க்கும் மாணவர்கள் மேடையை மறுபடி மறுபடி திருப்பிக்கொண்டே இருப்பார்கள்.

எங்கெங்கே கிடைக்கிறது?

பொலிவியாவின் வெள்ளீயச் சுரங்கங்களிலிருந்து வந்த பச்சைப் படிகங்கள் சேகரிப்பாளர்களிடம் பேர் பெற்றவை. இவை சேற்றில் பிறந்தவை அல்ல; தாது நரம்புகளின் வெடிப்புகளில் சூடான நீர் வழியே உண்டானவை. கார்ன்வாலிலும் தாதுச் சுரங்கத்தில்தான் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் அன்லோவா என்ற இடத்தில் களிமண்ணுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான படிகங்கள் கிடைத்திருக்கின்றன. நகத்தால் கீறிவிடக்கூடிய ஒரு கனிமம் அந்த நீளத்துக்கு வளர வேண்டுமென்றால், சுற்றியிருந்த களிமண் எவ்வளவு காலம் கலையாமல் இருந்திருக்க வேண்டும்!

கருங்கடலோரம் கெர்ச் தீபகற்பத்தின் இரும்புத்தாதுப் படுகைகளில் கிடைப்பவை இன்னும் அழகு. பழங்காலத்துச் சிப்பிகளின் ஓட்டுக்குள்ளே கருநீல ஊசிகள் விசிறியாக விரிந்திருக்கும். சிப்பிக்குள் இருந்த உயிர் மட்கியபோது ஆக்சிஜன் தீர்ந்தது, பாஸ்பேட் வெளிவந்தது. இரும்பு சுற்றிலும் இருந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முல்லிக்கா ஹில் என்ற ஊரிலும் கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற பழங்கால உயிரிகளின் புதைபடிவங்களில் விவியனைட் நிறைந்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கே மரத்துக்குள் நுழைந்தது சிலிக்கா. அது எத்தனை வெயில் மழைக்கும் அசையாது. விவியனைட் புகுந்த புதைபடிவம் வெளியே எடுத்த அன்றிலிருந்தே மாறத் தொடங்கும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இத்தாலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாண்டாபார்பராய்ட் என்று முன்பு ஒரு பெயர் வந்ததே, அது டஸ்கனி மாநிலத்தில் உள்ள சாண்டா பார்பரா சுரங்கத்தின் பெயர். 2003-ல் அந்தக் கனிமத்தை விவரித்து வெளியிட்டார்கள். அது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே வகை நிலக்கரி. பழுப்பு நிலக்கரி என்பது பழைய சதுப்பு நிலத்தில் விழுந்த மரமும் இலையும் காற்றுப் படாமல் புதைந்து முதிர்ந்தது. காற்றுப் பட்டிருந்தால் எல்லாம் மட்கிப்போயிருக்கும், கரியே மிஞ்சியிருக்காது. கரியைக் காத்த அதே காற்றின்மைதான் பக்கத்துக் களிமண்ணில் விவியனைட்டையும் வளரவிட்டது. அதனால்தான் பழுப்பு நிலக்கரியும் முதிராத கரியான பீட்டும் உள்ள இடங்களில் கனிமவியலாளர்கள் நீலப் புள்ளிகளைத் தேடுகிறார்கள்.

எலும்பிலும் உடலிலும்கூட இது உண்டாகும். எலும்பிலேயே பாஸ்பேட் நிறைய இருக்கிறதே. 1996-ல் சுவிட்சர்லாந்தின் பிரீன்ஸ் ஏரியில் ஒரு மனித உடல் மிதந்து வந்தது. அதில் நீலத் திட்டுகள் இருந்தன. ஆராய்ந்தபோது அது விவியனைட் என்றும், அந்த மனிதர் 1700-களில் நீரில் மூழ்கியவர் என்றும் தெரிந்தது. ஏரியின் அடிப்படிவில் காற்றில்லாமல் புதைந்திருந்த உடல் அது. தொல்லியல் அகழாய்வுகளிலும் ஈரமான அடுக்குகளில் எலும்பின்மேல் நீலப் பொடி தெரிந்தால், அந்த அடுக்கு நெடுங்காலம் நீரில் ஊறிக் காற்றில்லாமல் இருந்தது என்று சொல்லிவிட முடியும்.

என்ன பயன்?

நகைக்கு ஆகாது. இவ்வளவு மென்மையான, நிறம் நிலைக்காத கல்லை வெட்டிப் பட்டை தீட்டி அணிய முடியாது. ஐரோப்பிய ஓவியர்கள் அதன் நீலப் பொடியை வண்ணமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1656-ல் வரைந்து, இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் ஓவியத்தில், விரிப்பின் ஒரு பகுதியில் விவியனைட் இருப்பதை ஆய்வில் கண்டார்கள். தென் ஸ்பெயினில் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ஆலிவ் மரங்களின் இலை இரும்புப் பற்றாக்குறையால் மஞ்சளாகும்போது, செயற்கையாகத் தயாரித்த விவியனைட்டை நீரில் கலக்கி வேர்ப்பகுதியில் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். மெதுவாகக் கரைந்து இரும்பு கொடுப்பதால் பலன் நெடுநாள் நிற்கிறது.

எனக்கு மிகப் பெரிதாகப் படுவது கழிவுநீர் விஷயம். நகரங்களின் கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பேட்டை அகற்ற இரும்பு உப்பைச் சேர்ப்பது வழக்கம். அகற்றிய கசடு பிறகு காற்றில்லாத கலன்களில் நொதிக்க வைக்கப்படுகிறது. இரும்பு, பாஸ்பேட், காற்றின்மை மூன்றும் அங்கே கூடிவிடுகின்றன. நெதர்லாந்தில் ஆராய்ந்தவர்கள், இரும்பு போதிய அளவு இருக்கும் கசடில் பாஸ்பரஸின் பெரும்பகுதி விவியனைட்டாகவே இருக்கிறது என்று கண்டார்கள். அப்புறம் அந்த மெல்லிய காந்த ஈர்ப்பைப் பயன்படுத்தி, வலுவான காந்தப் பிரிப்பான்கள் வழியே கசடை ஓடவிட்டு விவியனைட்டைத் தனியே எடுத்துக் காட்டினார்கள்.

பாஸ்பரஸ் இல்லாமல் விளைச்சல் இல்லை. இந்தியா தன் உரத்துக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையிலும் பாஸ்பாரிக் அமிலத்திலும் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. வாங்கியது உரமாகி, நெல்லாகி, சோறாகி, கடைசியில் சாக்கடை வழியே கடலுக்குப் போகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் கடல் எதிரிலேயே இருக்கிறது. எவ்வளவு போகிறது என்பது கண்ணில் படுவதில்லை. வழியிலேயே மடக்கிப் பிடித்து மறுபடி வயலுக்கு அனுப்ப விவியனைட் ஒரு வழி காட்டுகிறது. கிடைத்த விவியனைட்டிலிருந்து இரும்பையும் பாஸ்பேட்டையும் காரம் கொண்டு பிரிக்கலாம். பாஸ்பேட் உரத்துக்குப் போகும், இரும்பு திரும்பக் கழிவுநீர் நிலையத்துக்கே வரும்.

நீலமாக ஒன்றைப் பார்த்தால்

கிணறு வெட்டும்போதோ ஏரி தூர் வாரும்போதோ ஈரக் களிமண்ணில், மட்கிய மரத்துண்டிலோ எலும்பிலோ, நீலம் தெரிந்தால் முதலில் கவனிக்க வேண்டியது நிறம் மாறுகிறதா என்பதை. வெட்டியபோது வெளிறியிருந்தது கண்ணெதிரே நீலமானால் விவியனைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். செப்புத் தாதுக்களும் நீலமாக இருக்கும். ஆனால் அவை வெளியே எடுத்ததும் இப்படி நிறம் மாறுவதில்லை. மயில்துத்தம் போன்ற கடைச்சரக்கு மண்ணில் சிந்தியிருந்தாலும் கண் ஏமாறும். மயில்துத்தம் தண்ணீரில் கரைந்துவிடும், விவியனைட் கரையாது.

எடுத்ததை வெயிலில் காட்டாமல், சுற்றியிருக்கும் ஈரக் களிமண்ணோடு சேர்த்து ஒரு சிறு டப்பாவில் காற்றில்லாமல் நிறைத்து மூடி, இருட்டில் வைக்க வேண்டும். எவ்வளவு ஆழம், என்ன மண், பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிட வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத மாதிரிக்கு ஆராய்ச்சியில் பாதி மதிப்புதான். அரிக்கமேடு போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் நாமாகத் தோண்டக் கூடாது. மற்ற இடங்களில் கிடைத்ததைக் காட்ட நமக்குப் பக்கத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், புவி அறிவியல் துறை இருக்கிறது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனைக்கு ஒரு சிட்டிகை பொடி போதும்; விவியனைட்டா இல்லையா என்று அது உறுதியாகச் சொல்லிவிடும்.